பரீட்சை மண்டப வாசலில் தீர்க்கிற விடயமா இது?

குச்சவெளி உறவுகளே, என் பதிவுகளைத் தொடர்ந்து வாசிக்கும் தமிழ் நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

திருகோணமலை ஸாஹிராக் கல்லூரி மாணவிகள் 70 பேரின் உயர்தரப் பெறுபேறு நிறுத்தி வைக்கப்பட்டது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். 2024 ஜனவரியில் பரீட்சை எழுதினார்கள். மே 31இல் நாடு முழுக்கப் பெறுபேறு வந்தது, இவர்களுக்கு வரவில்லை. காதை மறைத்துக்கொண்டு பரீட்சை எழுதினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. காது தெரியக்கூடிய மெல்லிய துணிதான் போட்டிருந்தோம் என்றார்கள் பிள்ளைகள். பிறகு பெறுபேறு விடப்பட்டது. ஆனால் இரண்டு வருடம் ராப்பகலாகப் படித்த பிள்ளை, கூடப் படித்தவர்களெல்லாம் இசட் புள்ளி பார்த்துக்கொண்டிருக்கும்போது "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்ற வார்த்தையைப் பார்த்துக்கொண்டு இருந்ததே, அதை யார் திருப்பிக் கொடுப்பது?

அன்று முகநூலில் நம்மவர்கள் எழுதியதில் பாதி கோபம், மீதி அரசியல். பரீட்சைத் திணைக்களத்தின் பயத்தைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. அந்தப் பயம் பொய்யானது அல்ல. புளூடூத் கருவி இன்றைக்கு ஒரு நெல்மணி அளவில் வருகிறது. காதுக்குள் வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. நானும் மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றிருக்கிறேன், அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அதைத் தீர்க்க என்ன வேண்டும்? மண்டபத்துக்குள் போக முன் ஒரு பெண் ஆசிரியை, ஒரு மறைவான இடம், ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம். காதைப் பார்த்து, பெயருக்கு நேரே அடையாளம் போட்டுவிட்டால் முடிந்தது. பிரச்சினை பர்தாவும் அல்ல, காதும் அல்ல. என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுக்காததுதான் பிரச்சினை. எழுதிக் கொடுக்காத இடத்தில், அந்த மண்டபத்து மேற்பார்வையாளரின் மனம்தான் சட்டம்.

இந்தியாவில் கர்நாடகாவில் 2022இல் நடந்ததும் இதுதான். கல்லூரி வாசலில் தொடங்கிய விடயம் உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதிகளுக்கு அவகாசம் இருந்தது. இடையில் பரீட்சை எழுதாமல் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கு அந்த அவகாசம் இல்லை.

நம் நாட்டு அரசியலமைப்பு இந்த விடயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 10ஆம் உறுப்புரை மத சுதந்திரத்தைத் தருகிறது, 14(1)(உ) அதை வழிபாட்டிலும் அனுசரிப்பிலும் வெளிக்காட்டும் உரிமையைத் தருகிறது. அது மட்டுமா, சாதாரண தரத்தில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். சமயத்தைப் பாடமாக வைத்துப் புள்ளி போடுகிற பாடசாலை, அந்தச் சமயத்தைப் பிள்ளை கடைப்பிடிக்கப் போனால் திகைத்து நிற்பது எனக்கு விளங்கவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். சிலர் நினைப்பதுபோல முஸ்லிம் பிள்ளை ஐந்து வேளையும் வகுப்பை விட்டு எழும்பிப் போகப்போவதில்லை. பாடசாலை விடுவது 1.30க்கு. லுஹர் நேரம் அதற்குப் பிறகும் அஸர் வரை இருக்கிறது, வீட்டுக்குப் போய்த் தொழலாம். பின்னேர வகுப்பு இருந்தால்தான் ஒரு சுத்தமான மூலையும், வுழூ எடுக்கக் குழாயும் தேவை. அந்தக் குழாய் எப்படியும் பாடசாலைக்குத் தேவையானதுதான்! வெள்ளிக்கிழமை ஜும்ஆ ஒன்றுதான் நேரத்தோடு முட்டுகிறது. நம் பாடசாலைகளில் அன்று நேரத்தோடு விட்டுவிடுகிறோம். டவுண் பக்கம் மற்றப் பாடசாலைகளில் படிக்கிற நம் பொடியன்கள், ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வொரு ஆசிரியரிடம் அனுமதி கேட்டு நிற்கிறார்கள். ஒருவர் சரி என்பார், அடுத்தவர் முகத்தைச் சுளிப்பார். தவணை ஆரம்பத்தில் ஒரு கடிதம் போதும், வருடம் முழுக்கக் கெஞ்சத் தேவையில்லை.

நோன்பு வேறு கதை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழான் விடுமுறை உண்டு. மற்றப் பாடசாலையில் படிக்கிற பிள்ளைக்கு இல்லை. சஹருக்கு எழும்பி, நம் கரையோர வெயிலில் பஸ் ஏறிப் போய், நண்பகலில் விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கு ஓடச் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? 2025இல் சாதாரண தரப் பரீட்சையே மார்ச் 17 முதல் 26 வரை நோன்புக்குள் நடந்தது. பிள்ளைகள் நோன்போடு எழுதினார்கள். பரீட்சைத் திகதியை மாற்று என்று நான் கேட்கவில்லை. ஓட்டப் பயிற்சியைக் காலையில் வை, அந்த ஒரு மாதம் அவனை நேரக் கணக்கு எழுத விடு. இவ்வளவுதான்.

இனி நம் பக்கம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

நம் பாடசாலைகளில் தமிழ் ஆசிரியர்கள் படிப்பிக்கிறார்கள், சில இடங்களில் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு, கறுப்பு உடுத்து, வெறுங்காலோடு வருகிற ஆசிரியரை நம் பிள்ளைகள் சிரித்துப் பார்த்தால் நாம் தடுக்கிறோமா? கந்தசஷ்டி விரதம் இருக்கிற பிள்ளையை, நோன்பு பிடித்த நம் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறோமா? திருநீறு பூசி வந்தால் அழிக்கச் சொல்கிற ஆள் நம்மில் ஒருவர்கூட இல்லையா? அந்தப் பிள்ளைக்குச் சைவநெறி படிப்பிக்க ஆள் இல்லை என்றால், வலயக்கல்வி அலுவலகத்துக்கு எத்தனை கடிதம் போட்டிருக்கிறோம்? ஸாஹிரா பிள்ளைகளுக்காக நாம் கேட்கிற அதே நியாயம்தான் இது. காலைக் கூட்டத்தில் கிராஅத் ஓதும்போது அந்தப் பிள்ளை மரியாதையாக நின்றால் போதும், ஓத வேண்டியதில்லை. அதேபோல வாணி விழாவில் நம் பிள்ளை கதிரை அடுக்கலாம், பேச்சுப் போட்டியில் கலந்துகொள்ளலாம், பூசையில் நிற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது.

2018இல் சண்முகா இந்து மகளிர் கல்லூரி அபாயா விவகாரம் வந்தபோது மாவட்டமே இரண்டாகப் பிரிந்து கத்தியது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. யார் சரி என்று இங்கே மறுபடி வழக்குப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகும் நம் ஊர்ப் பாடசாலைகளில் எந்த அதிபராவது, எந்தப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமாவது உட்கார்ந்து ஒரு பக்கத்தில் விதி எழுதியதை நான் காணவில்லை. பிரச்சினை வந்தால் மட்டும் பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் சபையும் ஓடி வருகின்றன.

இப்போதைக்கு என் வேண்டுகோள் இரண்டு. உயர்தரம் எழுதவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பாவது அதிபர் ஊடாக, உடை பற்றிய அறிவுறுத்தலையும் பெண் பரிசோதகர் ஏற்பாட்டையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். அடுத்தது, வருகிற தவணை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வெள்ளி நேரம், நோன்பு கால விளையாட்டு, விரத நாட்கள், சமயப் பாட ஆசிரியர் ஆகிய நாலையும் நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்வோம். தமிழ்ப் பெற்றோரையும் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும். வரைவை நான் எழுதித் தருகிறேன். யார் யார் வருகிறீர்கள், கீழே சொல்லுங்கள்.