ஊருக்கு ஒரு பட்டறை

ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் ஓதுகிறோம். ஆனால் தச்சு வேலை செய்யும் மாப்பிள்ளை என்றால் முகம் சுழிக்கிறோம். சாதாரண தரப் பரீட்சையில் தவறிய மகனைத்தான் கராஜுக்கு அனுப்புகிறோம். மகளுக்கோ தையல் மெஷின் மட்டும்.

மகாராஷ்டிராவில் புனேக்கு அருகே பாபல் என்றொரு வறண்ட கிராமம். பெரிய கம்பனி உத்தியோகத்தை விட்டுவந்த விஞ்ஞானி டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் 1983இல் அங்கே ‘விஞ்ஞான் ஆசிரமம்’ தொடங்கினார். கிராமப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் அதன் பாடத்திட்டப்படி கைவேலை பழகினார்கள். வெல்டிங், தச்சு, கரண்ட் வேலை, தோட்டம், சமையல், இரத்தப் பரிசோதனை கூட. ஆண், பெண் என்று வேலையைப் பிரிக்கவில்லை. ஊருக்குத் தேவையானதைச் செய்து கொடுத்தே பழகினார்கள். 2002இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் துணையோடு ‘ஃபேப் லேப்’ அங்கே அமைந்தது. கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே வெட்டித்தரும் மெஷின்களைப் பலரும் பொதுவில் பாவிக்கும் பட்டறை அது. இன்று உலகில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் உண்டு.

அவ்வளவு செலவு நமக்கு வேண்டாம். பாலையூற்றில் எங்கள் பக்கம், வருடத்தில் இரண்டு தரம் எடுக்கும் டிரில் மெஷின் வீட்டுக்கு வீடு தூசு படிந்து கிடக்கிறது. ஓர் அறையும் இரவல் கொப்பியும் இருந்தால் தொடங்கலாம். பெண்களுக்கென்று தனி நேரம் வையுங்கள். பழுதானால் யார் திருத்துவது என்பதில்தான் மனஸ்தாபம் வரும். அதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். வெல்டிங் கண்ணாடி போடாத எவரையும், பெரியவரானாலும், உள்ளே விடாதீர்கள்.