அந்த 45 நாள்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் அவர்களுக்கு,

அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பர் 8-இல் உங்கள் அமைச்சகம் போட்ட உத்தரவைத் திரும்பப் பெறக் கோரி நரிக்குடியிலிருந்து எழுதுகிறேன். குமரிக் கடற்கரை மணலுக்கும் இந்த மானாவாரி பூமிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். உத்தரவு அந்த மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தோடு நிற்கவில்லை. கிராஃபைட்டும் டங்ஸ்டனும் அதில் அடக்கம். கிராஃபைட் பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் வெட்டப்படுகிறது. டங்ஸ்டனால் மேலூர் பட்ட பாடு ஊரறிந்தது.

உங்கள் தரப்பு நியாயம் புரியாமல் இல்லை. 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததும், அவற்றைக் கொண்டு செய்யும் காந்தம் கிடைக்காமல் இங்கே மின்வண்டி உற்பத்தி தடுமாறியது. ஆனால், மணல் இல்லாமலா தடுமாறினோம்? குமரியின் மணவாளக்குறிச்சி மணலில், அரிய மண் தரும் மோனசைட் இருப்பது 1909-லேயே தெரியும். அதைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிறந்தது 1950-இல். 2012 ஒப்பந்தப்படி அதன் அரிய மண் ஜப்பானுக்குப் போனது. 2024-இல் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல். உள்நாட்டில் அதைக் காந்தமாக்கப் போதிய ஆலை இல்லை. ரூ.7,280 கோடி காந்தத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்ததே 2025 நவம்பரில்தான். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோ கருத்துக்கேட்பை 45 நாளில் முடிக்கச் சொல்கிறது. 75 ஆண்டு தாமதத்தை அந்த 45 நாளின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஊரைக் கூட்டினால் வேலை நடக்காது என்பார்கள். கருத்துக்கேட்பில் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் ஊருக்குக் கிடையாது. 30 நாள் முன்னறிவிப்பு, ஆட்சியர் அல்லது அவர் பிரதிநிதியின் மேற்பார்வை, பேசியதைக் கடைசியில் தமிழில் வாசித்துக்காட்டிக் கையெழுத்து, அவ்வளவுதான். (அதையும் ஒப்புக்கு நடத்துவதுண்டு என்பது வேறு கதை.) ஆனாலும், கம்பெனி அறிக்கையில் விடுபட்ட வரத்துக்கால் பதிவாகும் இடம் அதுதான். செயற்கைக்கோள் படத்தில் எங்கள் கண்மாய் சீமைக்கருவேலம் மண்டிய தரிசாகத் தெரியும். எந்த ஓடை அடைபட்டால் எந்தக் கண்மாய் நிறையாது என்பது பாசனக்காரருக்குத்தான் தெரியும். மேலூர்ப் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் ஊரைக் கேட்காமல் 2024 நவம்பரில் முடிந்தது. விவசாயிகள் மதுரைக்கு நடந்தபின் 2025 ஜனவரியில் ரத்தானது. கேட்காததால் என்ன வேகம் கிடைத்தது?

மோனசைட்டை எடுத்துவிட்டால் கரையில் கதிர்வீச்சு குறையுமே என்றும் வாதிடுகிறார்கள். குறையலாம். அதிலுள்ள கதிர்வீசும் தோரியம் மாயமாகாது, பிரிக்கும் ஆலையருகே போய்ச் சேரும். மலேசியாவின் புக்கிட் மேராவில் அப்படியொரு ஆலை மக்கள் எதிர்ப்பால் 1994-இல் மூடப்பட்டது. கழிவை அப்புறப்படுத்தும் வேலை அதன்பின் பல ஆண்டு நீண்டது. குமரியின் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. உத்தரவை ரத்து செய்து அந்தக் கூட்டத்தை நடத்துங்கள். எவ்வளவு தோரியம் சேரும், எங்கே, யார் பொறுப்பில் இருக்கும் என்பதை அதற்கு 30 நாள் முன்பே தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
நரிக்குடி வாசி
விருதுநகர் மாவட்டம்