மணி அடித்தால் மட்டும் போதுமா?

குமரி மாவட்டத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிறது கீரிப்பாறை. சுற்றிலும் ரப்பர் தோட்டம். 1984-ம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகம், இங்கே ரப்பர் பால் ஆலை வைத்தது.

மரத்தில் வெட்டிய பால் சீக்கிரம் உறைந்துவிடும். உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். பிறகு, வேகமாகச் சுழலும் எந்திரத்தில் விட்டு நீரைப் பிரிப்பார்கள். கையுறையும் பலூனும் செய்வது இந்தக் கெட்டிப் பாலில்தான்.

அம்மோனியா பொல்லாத வாயு. கசிந்தால் கண் எரியும், மூச்சு முட்டும்.

இத்தகைய ஆலைகளில் இன்று கம்ப்யூட்டர் திரை வைக்கிறார்கள். தொட்டி, பம்பு, மோட்டார் எல்லாம் திரையில் தெரியும். ஏதாவது தவறினால் அலாரம் அடிக்கும்.

நல்லதுதானே? நல்லதுதான். ஆனால், அதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பெயர் வைப்பது. இன்னொன்று, மணியைக் குறைப்பது.

பெயர் வையுங்கள்!

திரையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாளப் பெயர் உண்டு. 'டேக்' என்பார்கள். "எல்.டி. 101" என்று எழுதினால் எஞ்சினீயருக்குப் புரியும். நள்ளிரவில் வேலை பார்க்கும் தொழிலாளிக்கு? "முதல் தொட்டி, பால் மட்டம்" என்று பக்கத்தில் தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பெயர் பொய் சொல்லவும் கூடாது. 1979-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் விளக்கைப் பார்த்தவர்கள், மூடிவிட்டது என்று நம்பினார்கள். காரணம் என்ன? "மூடு" என்று உத்தரவு போனதைத்தான் விளக்கு காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை! 2 மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அணு உலையின் உட்பகுதியில் சுமார் பாதி உருகியது.

மணியைக் குறையுங்கள்!

"மணி அதிகம் இருந்தால் பாதுகாப்பும் அதிகம்" என்பார்கள். தவறு!

1994-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி. பிரிட்டனில் மில்போர்டு ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. அதற்கு முந்திய 11 நிமிடத்தில் அடித்த அலாரம் எத்தனை தெரியுமா? 275! பார்த்தவர்கள் இரண்டே பேர். எதைக் கவனிப்பார்கள்? 26 பேர் காயம் அடைந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

1999-ம் ஆண்டு அங்கே அலாரங்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் வந்தது. ஆலை ஒழுங்காக ஓடும்போது, ஒருவருக்கு 10 நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் வரக் கூடாது என்றது அது.

"புலி வருது, புலி வருது" என்று கத்திய பையன் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆலைக்கும் அதே கதைதான்.

ஆகவே, மணி அடித்தால் மனிதன் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும். செய்ய ஒன்றும் இல்லை என்றால் அந்த மணி வேண்டாம். அம்மோனியா கசிந்தால் மணி வேண்டும். பம்பு வழக்கம்போல் ஓடத் தொடங்கியதற்கு எதற்கு மணி?

ஆலை நடத்துகிறவர்களே! திரை வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எஞ்சினீயரையும் இரவு வேலைத் தொழிலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். என்ன பெயர்? எதற்கு மணி? அடித்தால் என்ன செய்வது? மூன்றையும் எழுதுங்கள்.

காலையில் அவர் வீடு திரும்ப வேண்டும். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.