ஆண்டின் ஐந்தொகை

வணிகத்தில் நேர்மையும் திறமையும் உடையோர் ஆண்டுதோறும் ஐந்தொகை எடுப்பர். வரவையும் செலவையும் இருப்பையும் ஒருங்கே வைத்துப் பார்த்துத் தம் நிலையைத் தெளிவர். அவர்தம் கணக்கேட்டில் மூட்டை மூட்டையாக அரிசி விற்ற தொகையும் இருக்கும். கால் கிலோ வெல்லம் விற்ற தொகையும் இருக்கும். சிறு தொகைதானே என்று ஒன்றை எழுதாமல் விட்டால் கணக்குப் பொய்யாகிவிடும். அதனைப் பணிவு என்று எவரும் பாராட்டார். பிழை என்றே கூறுவர்.

ஆண்டு முடியும்போது நாமும் நம் வாழ்வை எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் அக்கணக்கு இவ்வாறு செம்மையாக அமைவதில்லை. கைகூடாமற்போன எண்ணங்களும், இழப்புகளும், பிறர் முன் தாழ்ந்து நின்ற நாட்களும் செலவுப் பக்கத்தை நிரப்பிவிடுகின்றன. வரவுப் பக்கத்திலோ பரிசு, பதவி உயர்வு, புதுவீடு போன்ற பெருநிகழ்ச்சிகளுக்கு மட்டுமே இடம் தருகிறோம். அவை இல்லையெனில், ‘இவ்வாண்டு வீணாயிற்று’ என்று ஏட்டை மூடிவிடுகிறோம். விடியலில் எழப் பழகியது, எழுந்த கடுஞ்சொல்லை நாவிலேயே அடக்கியது, நோயுற்ற பாட்டிக்கு நாள் தவறாமல் மருந்து கொடுத்தது, அஞ்சி ஒதுக்கிய பாடம் ஒன்றைத் துணிந்து கற்றது ஆகிய இவையெல்லாம் ஏட்டில் ஏறுவதே இல்லை. இவற்றையும் எழுதுவதே நேர்மையான கணக்கு என்பது என் கருத்து.

இச்சிறு வெற்றிகள் நம் கண்ணுக்குத் தப்புவதற்குக் காரணம் இரண்டு உண்டு. ஒன்று, பழக்கம். நேற்று அரிதாக இருந்தது இன்று கைவந்தவுடன், அது என்றும் எளிதாகவே இருந்தது போல நமக்குத் தோன்றுகிறது. ஏறிய படிகளை மறந்து, ஏறாத படிகளையே எண்ணுகிறோம். மற்றொன்று, ஒப்பீடு. சென்ற ஆண்டு நாம் நின்ற இடத்தை நோக்காமல், அடுத்தவர் நிற்கும் இடத்தை நோக்குகிறோம். அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதையோ நாம் எண்ணுவதில்லை.

பெருஞ்செயல்கள் எல்லாம் சிறு வெற்றிகளால் ஆனவை. 1880-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தலைப்பட்டார். அந்நூல் அச்சாகி வெளிவந்தது 1887-ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஓர் ஆண்டின் இறுதியில், ‘சிந்தாமணிப் பதிப்பு எங்கே?’ என்று ஒருவர் வினவியிருந்தால், காட்டுவதற்கு அவர் கையில் நூல் இராது. ஆயினும் அவ்வாண்டுகள் வீணானவையா? புள்ளியிடப்படாத பழைய ஏடுகளில் ஒரு சொல்லின் சரியான வடிவம் தெளிவாயிற்று. விளங்காத ஒரு பகுதியின் பொருள் சமணர்களிடம் கேட்டதால் விளங்கிற்று. உரையாசிரியர் காட்டிய மேற்கோள் ஒன்று இன்ன நூலினது என்பது புலப்பட்டது. இத்தகைய சிறு வரவுகள் சேர்ந்தே சிந்தாமணி ஆயின. அப்பயிற்சியின் பயனாகவே 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவரால் வெளிவந்தன.

இது பேரறிஞர்க்கே உரியது என்று கருதவேண்டா. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. அதுவரை கைநாட்டு வைத்து வந்த பெண்கள் தம் பெயரைத் தாமே எழுதக் கற்றனர். அதனோடு மிதிவண்டி ஓட்டவும் பல்லாயிரவர் பழகினர். தன் பெயரை எழுதுவதும் மிதிவண்டி ஓட்டுவதும் உலகம் வியக்கும் அருஞ்செயல்களா எனச் சிலர் நகைக்கலாம். பேருந்துக்காகவும் வீட்டு ஆடவருக்காகவும் காத்திராமல், குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு தானே சென்று திரும்பிய பெண்ணைக் கேட்டால் அதன் அருமை விளங்கும். செயலின் அளவைப் பார்ப்பவர் அறியலாம். அதன் மதிப்பைச் செய்தவரே அறிவர்.

‘தம் வெற்றியைத் தாமே எண்ணி மகிழ்வது தற்புகழ்ச்சி ஆகாதோ?’ என்று சிலர் ஐயுறுவர். பிறர் கேட்கப் பேசுவது தற்புகழ்ச்சி. தனித்திருந்து தன்னை அளப்பது தன்னறிவு. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790) 13 நற்பண்புகளை ஒரு சிறு ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தவறிய நாளிலெல்லாம் கரும்புள்ளி இட்டார். தம்மிடம் எண்ணியதினும் மிகுதியான குறைகள் இருப்பதைக் கண்டு அவர் வியந்தார். நாளடைவில் புள்ளிகள் குறைவது கண்டு மகிழவும் செய்தார். குறையை மறைக்காமல் நிறையையும் மறவாமல் எழுதிய கணக்கு அது. முழு நிறைவு தமக்குக் கைகூடவில்லை என்றும், முயன்றதனால் முன்னினும் மேம்பட்டதாகவும் அவரே தம் வரலாற்றில் கூறியுள்ளார்.

பள்ளியில் பயிலும் இளைஞர்க்கு இக்கணக்கு மிகவும் வேண்டப்படுவது. சென்ற ஆண்டு கணக்கில் 15 மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன், இவ்வாண்டு 34 பெறுகிறான் என வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு வேண்டியது 35. மதிப்பெண் பட்டியல் இரண்டு ஆண்டிலும் அவனைத் தவறியவன் என்றே சொல்லும். அவன் ஏறிய 19 படிகளை அது சொல்லாது. வீட்டில் உள்ளோரும் அதனைச் சொல்லாமல், எஞ்சிய ஒன்றையே சுட்டிக்காட்டி இகழ்ந்தால், ‘எனக்குப் படிப்பு வராது’ என்று அவன் முடிவு கட்டிவிடுவான். இன்னும் ஒரு படி ஏறவேண்டியவன் பள்ளியை விட்டே இறங்கிவிடுவான். எழுதப்படாத சிறு வரவினால் ஒரு வாழ்வே இழப்பாகிவிடலாம். ஆதலின், பெற்றோரும் ஆசிரியரும் குறையைக் கூறுமுன் வளர்ச்சியைக் கூறுதல் வேண்டும். எஞ்சிய ஒரு மதிப்பெண்ணைத் தேடும் ஊக்கம் அவ்வொரு சொல்லால் பிறக்கும்.

சிறு வெற்றியைப் போற்றுவது அதனோடு நின்றுவிடுவதற்கு அன்று. கடந்த வழியை அறிந்தவனே இனிச் செல்லும் வழிக்குத் தன் வலிமை போதும் என்று துணிவான். எனவே, ஆண்டின் கடைசி நாளில் ஒரு நாழிகையை ஒதுக்குவோம். தவறியவற்றை ஒளிக்காமல் எழுதுவோம்; அவற்றுக்கு எதிரே, சென்ற ஆண்டு இயலாதிருந்து இவ்வாண்டு இயன்றவற்றையும் ஒன்று விடாமல் எழுதுவோம். அந்த இருப்பையே முதலாகக் கொண்டு புத்தாண்டைத் தொடங்குவோமாக.