முதல் பட்டத்துக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டாம்

மகனையோ மகளையோ மருத்துவராக்க, நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிப் படியேறும் குடும்பங்கள் தருமபுரி மாவட்டத்தில் இருக்கின்றன. மாந்தோப்பும் கிணற்றுப் பாசனத் தக்காளிக் காடும் தவிர வேறு சொத்தில்லாதவர்கள்கூட ஜார்ஜியா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ் என்று பிள்ளைகளை அனுப்பத் துணிகிறார்கள். அந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் கணக்கு பாதிக் கணக்கு. மீதியையும் போட்டுப் பார்த்தால், கடன் வாங்கி இளநிலைப் படிப்புக்கு வெளிநாடு போவது பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்பது தெளிவு. 2024-இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.1 லட்சம், அவற்றில் ஏறத்தாழப் பாதிதான் அரசுக் கல்லூரிகளில் இருந்தன. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் படித்துவிடலாம். சுயநிதிக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டிலோ ஆண்டுக் கட்டணமே 12 லட்சத்தைத் தாண்டுகிறது. அதோடு ஒப்பிட்டால், வெளிநாட்டில் மொத்தப் படிப்புக்கும் 30 லட்சம் என்ற ஏஜென்டின் பேச்சு மலிவாகத்தான் தோன்றும்.

ஆனால் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைப்படி, வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. இதுவே ஆறரை ஆண்டு. இடையில் தகுதித் தேர்வு ஒன்று உண்டு; அண்மைத் தேர்வுகளில் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர்தான் தேறினார்கள். தேறாதவர் இந்தியாவில் மருத்துவம் பார்க்க முடியாது. அடுத்த முயற்சிக்குக் காத்திருக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே போகும். 30 லட்சம் கடனுக்குப் பத்து சதவீத வட்டி என்றால் மாதம் 25,000 ரூபாய். ஊரில் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 60,000. கட்டணம் டாலரில் என்றால் அந்தச் சுமையும் சேரும்: 2014-இல் 60 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், 2025-இல் 85-ஐத் தாண்டியது.

போர் எந்தக் கணக்கிலும் வராத செலவு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது, அங்கிருந்த ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் பதுங்கு அறைகளில் ஒண்டிக் கிடந்தார்கள். கார்கிவ் நகரில் கர்நாடக மாணவர் ஒருவர் உயிரிழந்தார். உயிரோடு மீண்டவர்களைச் சேர்த்துக்கொள்ள இங்குள்ள கல்லூரிகளில் விதி இடம் தரவில்லை.

வெளிநாடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எந்தக் கட்டத்தில் போகிறோம் என்பதே முக்கியம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ கிடைத்தால் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. தருமபுரி மாவட்டத்திலேயே, செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. செவிலியம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவையும் கௌரவமான வாழ்வுக்கு வழிகாட்டும் படிப்புகளே. இங்கே முதல் பட்டத்தை முடித்தவருக்கு வெளிநாட்டுக் கதவு மூடிவிடாது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை; தங்கும் செலவுக்குப் பணம் காட்டினால் போதும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேற்படிப்புக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் கைகொடுக்கிறது. இதே மாவட்டத்தின் சித்தேரி மலையில் பட்டம் முடித்த எத்தனை பேருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது?

2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் வீட்டில் விவரம் கேட்க ஆளில்லை. ஏஜென்ட் சொல்வதுதான் வேதம். எனவே மாவட்ட நிர்வாகம் ஆட்சியர் அலுவலகத்திலேயே வெளிநாட்டுக் கல்விக்கு நிரந்தர ஆலோசனை மையம் திறக்க வேண்டும். கட்டணம், விடுதி, பயணம், தேர்வு, பயிற்சி அனைத்தையும் தமிழில் எழுதி முத்திரையிட்டுத் தருவதை ஏஜென்டுகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும். படிப்பு முடிந்த பின் கட்ட வேண்டிய மாதத் தவணை எவ்வளவு என்பதைப் பெற்றோருக்கு விளக்கிச் சொன்ன பிறகே வங்கிகள் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு மருத்துவ இடங்கள் பெருக வேண்டும். இடம் இல்லாததால்தான் பிள்ளைகள் கடல் தாண்டுகிறார்கள்.

பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: முதல் பட்டம் இங்கே, மேற்படிப்பு உதவித்தொகையோடு அங்கே. பிள்ளை தேர்வில் தேறாவிட்டாலும் இந்தக் கடனை நம்மால் அடைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.