தற்சோதனையும் அதன் எல்லையும்
(தமிழ் ஆனர்ஸ் மாணவர் ஒருவர் எழுதியது)

தமிழ் பயிலும் மாணாக்கன் ஒருவன் கணிப்பொறிச் சோதனையைக் குறித்து எழுதப் புகுந்தது வியப்பாகத் தோன்றலாம். "இலக்கணத்தை விட்டு இயந்திரத்தை நாடியது என்னை?" என்று என் வகுப்புத் தோழர் வினவுவர் என்பதையும் அறிவேன். யான் ஈண்டு ஆராய விரும்புவது இயந்திரம் சொல்லும் ஒரு சொல்லின் பொருளையாம். பொருளாராய்ச்சி எம் வகுப்பிற்கு உரியதேயன்றோ? அச்சொல்லைப் பிழைபடப் பொருள்கொண்டமையால் இளைஞர் ஒருவர் தம் வேலையையே இழக்கும் நிலையை எய்தினார். பெருங்கணினி நிலையமொன்றிற் பணியாற்றும் என் தமையனார் அவ்வரலாற்றை எனக்குக் கூறிய நாள் முதல் அஃது என் நெஞ்சை விட்டு அகன்றிலது. அதனை உரைக்குமுன் பொறியின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

வங்கிக் கணக்கு முதலாய பெருந்தொகையான பதிவுகளை இடைவிடாது காத்துவரும் பெரும்பொறியே மெயின்பிரேம் எனப்படும். ஐ.பி.எம். குழுமத்தார் 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சிஸ்டம்/360 என்னும் பொறிக்குடும்பத்தை உலகிற்கு அறிவித்தனர். கணக்கிடும் உறுப்பு மிக விரைவுடையது. பதிவுகளை வைத்திருக்கும் தட்டும் நாடாவும், அவற்றை அச்சிடும் பொறியும் அத்துணை விரைவுடையன அல்ல. விரைந்தோடுவது மெல்ல நடப்பதற்காகக் காத்து நில்லாதபடி, இரண்டிற்கும் இடையே நின்று செய்திகளைச் சுமந்து செல்லும் உறுப்பிற்குச் சானல் என்று பெயர். சானலைக் கேபிளோடு பிணைக்கும் அட்டையே சானல் அடாப்டர் ஆகும்.

தொடக்கத்தில் இக்கேபிள்கள் தடித்த செம்புக் கம்பித் தொகுதிகளாக இருந்தன. பஸ் என்பது ஒன்று, டேக் என்பது மற்றொன்று. முன்னது செய்தியையும் பின்னது கட்டளைக் குறிகளையும் சுமக்கும். அவற்றின் நீளம் ஏறக்குறைய 200 அடிக்கு உட்பட்டிருந்தது. 1990-ஆம் ஆண்டில் எஸ்கான் என்னும் முறை வந்தது. செம்பின் இடத்தைக் கண்ணாடியிழை கைக்கொண்டது. நொடிக்கு 20 கோடி பிட்டுகள் 3 கிலோமீட்டர் வரை ஓடலாயின. 1990-களின் இறுதியில் அதனினும் விரைவுடைய பைகான் முறை தோன்றியது. 2012-இல் வெளிவந்த இசட்இசி12 என்னும் பொறியில் எஸ்கானுக்கு இடமில்லாது போயிற்று. பைகான் இன்றும் வழக்கில் உள்ளது.

இனி, தற்சோதனை நிகழுமாற்றைக் காண்போம். முதலில் அவ்வழியைப் பணியினின்று விலக்கல் வேண்டும். ஒரே சாதனத்திற்கு 8 வழிகள் வரை அமைக்கலாமாதலின், ஒன்றை விலக்கினும் பிற வழிகள் பணியைத் தாங்கும். ஆயினும் விலக்கிய வழி ஒன்று, கழற்றிய கேபிள் மற்றொன்று என ஆகிவிடின், நோயில்லா உறுப்பை அறுத்த மருத்துவன் நிலையே வந்துறும். பெயர்ச்சீட்டை இருமுறை படித்த பின்னரே கேபிளைத் தொடுதல் நலம்.

பின்னர், அட்டை தான் அனுப்பும் செய்தியை வெளியே விடாது தன்னுள்ளேயே திருப்பிப் பெற்று ஒப்பிடும். இஃது அகச்சோதனை. அடுத்து, அட்டையின் வாயில் லூப்பேக் பிளக் என்னும் சிறு செருகி பொருத்தப்படும். அச்செருகி, அனுப்பும் வாயினின்று புறப்பட்டதை வாங்கும் வாய்க்கே திருப்பி அளிக்கும். அனுப்பியதும் பெற்றதும் ஒத்திருப்பின் "நன்று" என்று திரையில் தோன்றும். அந்த "நன்று" என்னும் சொல்லே என் ஆராய்ச்சிப் பொருள்.

நன்று என்றால் எது நன்று? அச்சோதனை கேபிளைத் தொட்டதேயில்லை. மறுமுனையிலுள்ள சாதனத்தையும் கண்டதில்லை. செருகி நின்ற இடம் வரையிலும் குறையில்லை என்பதே அதன் பொருள். அங்ஙனமிருக்கவும், "கணினி நன்று, குறை பிறரிடத்தது" என்று அதனை விரித்துரைப்பார் பலர். நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் மிகைபடக் கூறலையும் ஒன்றாக வைத்தார். சோதனை அளவோடு கூறியதை மாந்தர் மிகைபடக் கூறுகின்றனர் என்பதே என் வழக்கு.

இனி அவ்விளைஞர் வரலாற்றிற்கு வருவேன். நிலையத்தின் பெயர் ஈண்டு வேண்டா. அங்கே பைகான் வழியொன்றில் பிழைகள் தோன்றலாயின. சில மணி நேரம் செவ்வனே ஓடும், பின்னர்ப் பிழை காட்டும், மீண்டும் ஓடும். கணினிப் பகுதியார் தம் அட்டையைச் சோதித்து "நன்று" என்றனர். பதிவுச் சாதனப் பகுதியாரும் தம் அட்டையைச் சோதித்து "நன்று" என்றனர். இருபுறமும் நன்றாயின் எஞ்சியது யாது? மூன்று திங்கட்கு முன்னர்க் கேபிள் இட்ட இளைஞரே எஞ்சினார். "கேபிளை மடக்கியிருப்பாய், முனையைக் கெடுத்திருப்பாய்" என்று அவரைப் பழித்தனர். இரு சான்றிதழ்கட்கு எதிரே அவருடைய வாய்ச்சொல் செல்லவில்லை.

அந்நிலையில் என் தமையனார் ஒரு யோசனை கூறினார். கணினிக்கும் சாதனத்திற்கும் இடையே கேபிள்கள் வந்து கூடும் இணைப்புப் பலகை ஒன்றுண்டு. அட்டையின் வாயில் வைத்த செருகியை எடுத்து, முதலில் பலகைக்கு இப்பால், பின்னர்ப் பலகைக்கு அப்பால் என ஒவ்வொரு படியாக வெளியே நகர்த்திச் சோதிக்கலாம் என்றார். பலகைக்கு அப்பால் வைத்து ஒரு நிமிடம் சோதித்தபோதும் "நன்று" என்றே வந்தது. பலரும் நகைத்தனர். தமையனார் விடவில்லை, இரவு முழுதும் ஒவ்வோர் இடத்திலும் சில மணி நேரம் ஓடவிட்டார். பலகைக்கு இப்பால் வைத்தபோது ஒரு பிழையுமில்லை. அப்பால் வைத்தபோது பிழைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பலகையின் இணைப்புத் துளையொன்றில் தூசி படிந்திருந்தது. அப்பலகை, அவ்விளைஞர் பணியேற்கு முன்னரே பிறரால் நிறுவப்பட்டது. தூசியை நீக்கியதும் பிழையும் நீங்கிற்று.

இதனால் அறியத்தக்க காரணங்கள் இரண்டு. முதலாவது, ஒளியின் தேய்வு. நெடுந்தூரத்திற்கான பைகான் இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் ஏறக்குறைய 9 மைக்ரான். நம் தலைமயிரோ பெரும்பாலும் 50 மைக்ரானுக்குக் குறையாதது. ஆதலின் கண்ணுக்குத் தோன்றாத தூசித்துகள் ஒன்றே அவ்வாயிலை மறைக்கப் போதும். 3 டெசிபெல் அளவு தேய்வு ஏற்படின் ஒளியில் பாதி போயிற்று என்க. அட்டையின் வாயில் வைத்த செருகி, ஒளியைத் தேயாமலே திருப்பித் தருகின்றது. நெடுவழியில் எத்துணை தேயும் என்பதை அஃது எங்ஙனம் அறியும்? (அவ்வொளி கண்ணுக்குப் புலனாகாதது; ஆதலின் இழையின் வாயில் கண்ணை வைத்து நோக்குதல் பெருந்தீங்கு.)

இரண்டாவது, காலத்தின் குறைவு. இலட்சம் கோடி பிட்டுகளில் ஒன்றிற்கு மேற் பிழையாகலாகாது என்பது பைகானுக்கு அடிப்படையான பைபர் சானல் முறையின் விதி. பைகானின் முதல் விரைவில், இலட்சம் கோடி பிட்டுகள் ஓட ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். 16 நிமிடத்திற்கு ஒன்றாக வரும் பிழையை ஒரு நிமிடச் சோதனையில் எதிர்பார்ப்பது, மாதத்திற்கொருமுறை வரும் விருந்தினரைத் தேடி ஒருநாள் வாயிலில் நின்று, "விருந்தினரே வருவதில்லை" என்று சாதிப்பதை ஒக்கும். அவ்விதி காக்கப்படுகின்றது என்று 100-க்கு 95 பங்கு துணிவோடு கூறவேண்டின், ஏறக்குறைய 47 நிமிடம் ஒரு பிழையுமின்றி ஓடுதல் வேண்டும் என்று கணக்கு நூல் கூறும். விரைவு மிகுந்த இன்றைய வழிகளில் இக்காலம் சுருங்குமேனும் நெறி ஒன்றே.

செம்புக் கேபிள் நாளிலும் இதனையொத்த படிப்பினை இருந்தது. பஸ்ஸில் ஒவ்வொரு திசைக்கும் செய்திக் கம்பிகள் எட்டு; ஒன்பதாவது கம்பி பாரிட்டி என்னும் காவற்குறிக்கு உரியது. ஒன்பதிலும் உள்ள ஒன்றுகளைக் கூட்டின் ஒற்றைப்படையாகவே வரவேண்டும். ஒரு கம்பி பிழைப்பின் காவலன் கண்டுகொள்வான். இரு கம்பிகள் ஒருங்கே பிழைப்பின் அவனும் ஏமாறுவான். ஒன்பது கம்பிகளிலும் ஒன்றையே அனுப்பிப் பார்த்தவன், அடுத்தடுத்த இரு கம்பிகள் தம்முள் ஒட்டியிருத்தலை அறியான். ஒன்றும் சுழியும் மாறிமாறி அனுப்பியவனே அறிவான். ஆகவே எதனை அனுப்பிச் சோதித்தோம் என்பதும் முடிபின் ஒரு பகுதியேயாம்.

இவ்வாறு கூறுவதால், தற்சோதனை பயனற்றது என்பது என் கருத்தென யாரும் எண்ணற்க. அகச்சோதனை இல்லையேல் படிப்படியாக வெளியே நகர்வதற்குத் தொடக்கமே இராது. குற்றம் இன்ன இடத்தில் இல்லை என்று தெளிதலும் அறிவேயன்றோ? "பெரும்பணிக்கிடையே நெடுஞ்சோதனைக்கு நேரமேது?" என்பார்க்கும் விடையுண்டு. பிற வழிகள் பணியைத் தாங்குங்கால் ஒரு வழியை ஓரிரவு ஓய்வில் வைத்தல் அரிதன்று. குறையை இன்னதென்றறியாது அட்டையை மாற்றி, கேபிளை மாற்றி, ஈற்றில் ஆளையும் மாற்றும் செலவு அதனினும் பெரிது.

ஆதலின் யான் வேண்டுவது எளிய ஒரு சீர்திருத்தமே. "நன்று" என்னும் சொல் தனித்து நின்று சான்று பகரலாகாது. செருகி நின்ற இடம் யாது, அனுப்பிய குறிகள் யாவை, ஓடிய காலம் எவ்வளவு, சோதிக்கப்படாது எஞ்சியது எது என்னும் நான்கும் அதனோடு எழுதப்படல் வேண்டும். நான்காவதே தலையாயது. அன்று அந்நிலையத்தில் இரு பகுதியாரும் "எம் அட்டை நன்று, பலகையையும் கேபிளையும் யாம் சோதித்திலேம்" என்று ஒரு வரி எழுதியிருப்பின், அவ்விளைஞர் ஒருவார காலம் தலைகுனிந்து நடந்திரார்.

பரீட்சைக்கு முன்னர்த் தாம் படித்த பகுதியிலேயே தம்மைத் தாம் வினவி, "எல்லாம் தெரியும்" என மகிழ்ந்து, வினாத்தாளைக் கண்டு திகைத்த அனுபவம் நம்முள் பலர்க்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆயினும் நம் பிழைக்கு நாமே மதிப்பெண் இழக்கின்றோம். பொறியின் சொல்லை மிகைபடக் கொண்டதற்கோ, பிழையே செய்யாத ஒருவர் பழி சுமந்தார். அவ்விளைஞர் இன்றும் அந்நிலையத்திலேயே பணியாற்றுகின்றார். தம் சோதனைத் தாள்களின் அடியில், கேளாமலே, "இதற்கப்பால் சோதித்திலேன்" என்று அவர் எழுதி வருவதாகத் தமையனார் கூறினார். மற்றையோரும் அங்ஙனம் எழுதும் நாள் வருக!