சிறு செய்மதிகளும் நமது கரையோரமும்

சிறு செய்மதிகளுக்கென்றே இந்தியாவின் இஸ்ரோ உருவாக்கிய எஸ்.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் மூன்று நிலைகளும் திண்ம எரிபொருளால் இயங்குபவை. முன்கூட்டியே வார்த்துச் சேமிக்கக்கூடிய எரிபொருள் என்பதால் ஏவுதலுக்கான ஆயத்தம் சில நாட்களில் முடிகிறது. பற்றவைத்தால் அணைக்க முடியாது, துல்லியமும் குறைவு என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்காகவே உச்சியில் வேகத்தைத் திருத்தும் சிறிய திரவ எரிபொருள் தொகுதி பொருத்தப்பட்டுள்ளது. 2022 ஓகஸ்ட் 7இல் முதல் பயணம் தோற்றதற்கும் எரிபொருள் காரணமல்ல. இரண்டாம் நிலை பிரிகையில் எழுந்த அதிர்வை, உணரிகளின் கோளாறென மென்பொருள் கணித்ததே காரணம். 2023, 2024ஆம் ஆண்டுப் பயணங்கள் வெற்றி பெற்றன.

இஸ்ரோவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து தெற்கே ஏவப்படும் ரொக்கெட்டுகள் இலங்கையைத் தவிர்க்க வளைந்து சென்று எரிபொருளை இழக்கின்றன. ஆகவே 2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் தென்கரையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பொருளாதார நெருக்கடியிலிருந்து மீளும் இலங்கைக்கு விண்வெளி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் ரொக்கெட் கட்டச் சொல்லவில்லை. 2019இல் விண்ணேறிய நமது ராவணா-1 செய்மதி ஏறத்தாழ ஒரு கிலோ எடையே கொண்டது. ஒலுவில் கடலரிப்பையும் அம்பாறை வயல்களின் வெள்ளத்தையும் கண்காணிக்கும் செய்மதித் தரவு நமக்கு ஆடம்பரமல்ல. ஏவும் வசதி அயலிலேயே உருவாகும் வேளையில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் சிறு செய்மதி ஆய்வுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும்.